எம் புரதத்தை நாமே கண்காணிப்பது எப்படி?

முழு உடல் பரிசோதனை அறிக்கையில் மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின் என்று அடுத்தடுத்து மூன்று வரிகள் இருக்கும். சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் பார்த்த கையோடு தாளை மடித்துவைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். குளோபுலின் கூடியிருப்பதைக் கவனித்த மருத்துவர் அடுத்த சோதனைக்கு எழுதித் தருவார். அதில் 'எம் பேண்ட்' என்று வரும். ரத்தவியல் மருத்துவரிடம் போனால், "இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்பார். அந்த இடத்தில் நிற்பவர்களுக்கானது இந்த அத்தியாயம்.

மருந்து வேண்டாம் என்றதும் சிலர் அதோடு மறந்துவிடுகிறார்கள். சிலர் அன்று இரவே மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்துத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். இது பத்து, இருபது ஆண்டுகள் கூடவே வரக்கூடிய நிலை. அதற்குள் மருத்துவர் மாறுவார், ஊர் மாறும், லேப் மாறும். எல்லா எண்களையும் ஒரே வரிசையில் வைத்திருக்கக்கூடிய ஆள் நீங்கள் மட்டும்தான். ஒரு தேதியின் ஒற்றை எண்ணைவிட அந்த வரிசைதான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

## இவ்வளவு தெரிந்தால் போதும்

எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் மட்டும் பெருகி, ஒரே மாதிரியான புரதத்தைச் சுரந்துகொண்டே இருந்தால் அதுதான் எம் புரதம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் கைல் 1978இல் இந்த நிலைக்கு எம்ஜியூஎஸ் என்று பெயரிட்டார். அங்கே நடந்த ஆய்வில் 50 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 3 பேருக்கு இது இருந்தது. பெரும்பாலானோருக்கு இருப்பதே தெரியாது.

மூன்று படிகள் உண்டு:

* எம்ஜியூஎஸ்: எம் புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழ், மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் கீழ், உறுப்புகளுக்குப் பாதிப்பு இல்லை.
* ஸ்மோல்டரிங் மைலோமா: எம் புரதம் 3 கிராம் அல்லது அதற்கு மேல், அல்லது பிளாஸ்மா செல்கள் 10 முதல் 59 சதவீதம், இதிலும் உறுப்புப் பாதிப்பு இல்லை.
* மைலோமா: கால்சியம், சிறுநீரகம், ரத்தசோகை, எலும்பு ஆகிய நான்கில் ஒன்று கெட்டிருக்கும். அல்லது அது நடக்கப்போவதை உறுதியாகக் காட்டும் அடையாளம் இருக்கும்.

முதல் படியிலிருந்து மைலோமா போன்ற நோயாக முற்றும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம். இரண்டாம் படியில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 3 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம். அதாவது, ஸ்மோல்டரிங் என்று சொல்லப்பட்டவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள்தான் முக்கியம்.

## படி 1: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

முதல் சந்திப்பு முடிந்து வெளியே வரும்போது கீழே உள்ளவற்றுக்கெல்லாம் உங்களிடம் விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

1. எம் புரதத்தின் வகை என்ன? இம்யூனோஃபிக்சேஷன் சோதனை சொல்லும். ஐஜி-ஜி காப்பா, ஐஜி-ஏ லாம்டா என்பது போல இரண்டு பகுதியாக வரும்.
2. அளவு என்ன? எலக்ட்ரோபோரெசிஸ் அறிக்கையில் 'எம் ஸ்பைக்' அல்லது 'எம் பேண்ட்' என்ற வரியில் இருக்கும்.
3. ஃப்ரீ லைட் செயின் விகிதம் என்ன? எதிர்ப்புப் புரதத்தின் உதிரித் துண்டுகளான லைட் செயின்கள் காப்பா, லாம்டா என இரண்டு வகை; காப்பாவை லாம்டாவால் வகுத்தால் வருவது இந்த விகிதம். பரவலாகப் புழங்கும் சோதனை முறையில் 0.26 முதல் 1.65 வரை இயல்பு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இந்த விகிதம் தானாகவே சற்று உயரும், அவர்களுக்கு 3.1 வரைகூட இயல்பாக இருக்கலாம்.
4. மஜ்ஜைப் பரிசோதனை தேவையா? ஐஜி-ஜி வகை, அளவு 1.5 கிராமுக்குக் கீழ், விகிதம் இயல்பு, தொந்தரவு எதுவும் இல்லை என்றால் பல மருத்துவர்கள் இதைத் தள்ளிவைப்பார்கள். அது அலட்சியமில்லை.
5. எலும்புக்கு ஸ்கேன் எடுத்தாயிற்றா? சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு கணிசமாக அரித்த பிறகுதான் ஓட்டை தெரியும். தேவைப்பட்டால் குறைந்த கதிர்வீச்சில் முழு உடல் சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் சி.டி. ஆகியவற்றில் ஒன்றை எழுதித் தருவார்கள்.

எம்ஜியூஎஸ் உள்ளவர்களின் அபாயத்தை மூன்று கேள்விகளால் கணக்கிடுகிறார்கள். எம் புரதம் 1.5 கிராம் அல்லது அதற்கு மேலா? ஐஜி-ஜி தவிர வேறு வகையா? லைட் செயின் விகிதம் இயல்பை விட்டு விலகியதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் 20 ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு 5 சதவீதம். மூன்றுக்கும் 'ஆம்' என்றால் 58 சதவீதம். இந்தக் கணக்கில் வயதாகி வேறு காரணத்தால் இறப்பவர்கள் சேர்க்கப்படவில்லை. அதையும் சேர்த்தால் இரண்டு எண்களும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எழுபது வயதைக் கடந்த ஒருவர் 58 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவனிக்க: குளோபுலின் கூடினாலே எம் புரதம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காசநோய், கல்லீரல் கோளாறு, முடக்குவாதம், நாட்பட்ட தொற்று எதிலும் குளோபுலின் கூடும். எலக்ட்ரோபோரெசிஸ் தாளில் உள்ள கோட்டுப்படத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் உயரமாக நிற்பது ஆல்புமின். நடுவில் சின்னச் சின்ன மேடுகள். வலது ஓரத்தில் காமா பகுதி. அங்கே கோடு அகலமான மேடாகப் பருத்திருந்தால் பல வகைப் புரதங்களும் கூடியிருக்கின்றன என்று பொருள். ஊசிமுனைபோல ஒடுங்கி நிமிர்ந்திருந்தால்தான் எம் புரதச் சந்தேகம். அதை உறுதிசெய்வது இம்யூனோஃபிக்சேஷன். ஐஜி-ஏ வகை மட்டும் சில நேரம் நடுவில் உள்ள பீட்டா மேட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் அந்த வகையினர் மொத்த ஐஜி-ஏ அளவையும் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும்.

## படி 2: ஒரு நோட்டுப் போடுங்கள்

அறிக்கைகளை மஞ்சள் பையில் திணித்து எடுத்துப்போய், மருத்துவர் மேசையில் கொட்டித் தேடுவது வழக்கம். அவருக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் அதிலேயே போய்விடும். ஒரு நீள நோட்டை அகலவாட்டில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்துக் கட்டம் பிரியுங்கள்:

தேதி | லேப் பெயர் | எம் புரதம் | காப்பா | லாம்டா | விகிதம் | ஹீமோகுளோபின் | கிரியேட்டினின் | கால்சியம், ஆல்புமின் | குறிப்பு

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே வரி. 'குறிப்பு' கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். "இரண்டு வாரம் முன்பு டெங்கு", "மூட்டு வலிக்கு ஊசி போட்டது", "லேப் மாறியது" என்பது போன்ற மூன்று சொற்கள், மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு திடீர் ஏற்றத்தை விளக்கிவிடும்.

எழுதும் முறை:

1. அறிக்கை வந்த அன்றே எழுதுங்கள்.
2. எண்ணோடு அலகையும் எழுதுங்கள். இதில்தான் பெரிய குழப்பம் வரும். லைட் செயினைச் சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராமிலும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் தருகின்றன. லிட்டருக்கு 45 என்பதும் டெசிலிட்டருக்கு 4.5 என்பதும் ஒன்றுதான். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் பத்து மடங்கு ஏறியதாகவோ இறங்கியதாகவோ தோன்றும். எம் புரதத்திலும் இப்படித்தான்: லிட்டருக்கு 12 கிராம் என்றால் டெசிலிட்டருக்கு 1.2 கிராம்.
3. ஆல்புமின் குறைவாக உள்ளவர்களுக்குக் கால்சியம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 4இலிருந்து உங்கள் ஆல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். கால்சியம் 10.2, ஆல்புமின் 3.0 என்றால் திருத்திய கால்சியம் 11.0.
4. கோட்டுப்படம் உள்ள பக்கத்தையும் சேர்த்து ஒவ்வொரு அறிக்கையையும் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.
5. முதல் பக்கத்தில் உங்கள் எம் புரத வகை, மஜ்ஜைப் பரிசோதனைத் தேதியும் முடிவும், ஸ்கேன் தேதிகள், தினமும் சாப்பிடும் மருந்துகள் இருக்கட்டும். வேறு எதற்காக எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காட்ட வேண்டிய பக்கம் அது.

## படி 3: ரத்தம் கொடுக்கும் நாள்

ஒரே லேப், ஒரே முறை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எலக்ட்ரோபோரெசிஸை ஜெல்லிலும் செய்யலாம், கேப்பிலரி கருவியிலும் செய்யலாம். லைட் செயினை அளக்கும் கிட்களும் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. ஒன்றில் வந்த எண்ணை இன்னொன்றில் வந்ததோடு ஒப்பிடக் கூடாது. தெருமுனையில் ரத்தம் எடுக்கும் சின்ன லேப் அதை வெளியூர் லேப்புக்கு அனுப்பும்; இந்த முறை ஒரு நிறுவனத்துக்கும் அடுத்த முறை வேறொன்றுக்கும் போகலாம். "இது எங்கே போகுது?" என்று கேளுங்கள். அறிக்கையின் அடியில் சோதனை நடந்த இடம் அச்சாகியிருக்கும். அதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். தள்ளுபடிக்காக லேப் மாறுவது இந்த ஒரு விஷயத்தில் நஷ்டம். மாற வேண்டிய கட்டாயம் வந்தால், முடிந்தவரை ஒரே வாரத்தில் பழைய லேப்பிலும் புதியதிலும் ஒருமுறை எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள். புதிய வரிசை அங்கிருந்து தொடங்கட்டும்.

காய்ச்சலோடு போகாதீர்கள். சளி, சிறுநீர்த் தொற்று, அம்மை, தடுப்பூசி எதுவானாலும் உடலின் எதிர்ப்புப் புரதங்கள் சில வாரங்கள் ஏறி இறங்கும். அவசரம் இல்லையென்றால் நலமாகி நான்கு வாரம் கழித்துப் போங்கள்.

தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். சித்திரை வெயிலில் வறண்ட உடம்போடு கொடுத்தால் கிரியேட்டினினும் புரதமும் கூடித் தெரியலாம். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தாலும் தண்ணீர் குடிக்கத் தடையில்லை. சந்தேகம் இருந்தால் லேப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

## படி 4: இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர்

எல்லோருக்கும் எப்போதும் இது தேவைப்படாது. சிறுநீரகத்தில் சந்தேகம் வந்தாலோ, லைட் செயின் அதிகமாக இருந்தாலோ கேட்பார்கள். வீட்டில் நாமே செய்வதென்பதால் தவறும் இங்கேதான் அதிகம். வெளியே போகாமல் வீட்டில் இருக்கக்கூடிய ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

1. லேப்பில் தரும் கேனை முந்தைய நாளே வாங்கி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். பழைய குளிர்பான பாட்டில் வேண்டாம்.
2. காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தைக் கேனில் குறியுங்கள்: 'தொடக்கம் 6.10'.
3. அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள். அகலமான பிளாஸ்டிக் குவளையில் பிடித்து ஊற்றுவது எளிது. பெண்களுக்கு அதுதான் சரிப்படும். மலம் கழிக்கப் போகும்போது, முதலில் சிறுநீரைக் குவளையில் பிடித்துவிடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.
4. கேனைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு பைக்குள் போட்டு வையுங்கள். வீட்டில் ஒப்பவில்லை என்றால் மூடிய தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைக்கலாம்.
5. மறுநாள் காலை 6.10க்குப் போகும் முதல் சிறுநீரைக் கேனில் சேர்த்து முடியுங்கள்.
6. அன்று காலையே லேப்பில் ஒப்படையுங்கள்.

நடுவில் ஒருமுறை மறந்து கழிப்பறையில் போய்விட்டால், மறைக்காமல் கேனைக் காலிசெய்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள். குறைந்த சேகரிப்பில் வரும் எண் பொய்யான நிம்மதியைத் தரும்.

கவனிக்க: லேப்பில் சிறுநீரில் பட்டையை முக்கிப் பார்க்கும் சோதனை பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும், லைட் செயினைக் காட்டாது. 'யூரின் நார்மல்' என்ற ஒற்றை வரியை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடக் கூடாது.

## படி 5: எண்கள் ஏறினால் எப்போது கவலைப்பட வேண்டும்?

எம் புரதம் 1.0 இருந்தது, இப்போது 1.2. பதற வேண்டுமா? வேண்டாம். ஒரே ரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலே இந்த அளவு வித்தியாசம் வரக்கூடும். மருத்துவர்கள் கணக்கில் எடுக்கும் ஏற்றத்துக்கு இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும்: இதுவரை இருந்த மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும், அந்தக் கூடுதல் டெசிலிட்டருக்கு 0.5 கிராமாவது இருக்க வேண்டும். 2.0 இருந்தது 2.6 ஆனால் இரண்டும் பொருந்துகிறது. அப்போதும் முதல் வேலை அதே லேப்பில் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதான்.

ஒரு கற்பனை வரிசை: 1.1, 1.2, 1.0, 1.2. இது அசையாத வரிசை. இன்னொன்று: 1.1, 1.3, 1.5, 1.7. இதில் எந்த இரண்டு அடுத்தடுத்த எண்களும் நிபந்தனையை எட்டவில்லை. ஆனால் முதலாவதையும் கடைசியையும் பார்த்தால் 0.6 கிராம், பாதிக்கும் மேல் ஏற்றம். கடைசித் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

எம் புரதத்தைவிட மருத்துவரின் கண் முதலில் போக வேண்டிய எண்கள் மூன்று:

* ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போவது, அல்லது இயல்பின் கீழ் எல்லையிலிருந்து 2 கிராமுக்கு மேல் குறைவது
* கிரியேட்டினின் 2ஐத் தாண்டுவது
* கால்சியம் 11ஐத் தாண்டுவது

இவை மைலோமா என்று முடிவெடுக்கும் எல்லைகள். அங்கே போய் முட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வழக்கமான அளவிலிருந்து விலகத் தொடங்கினாலே கேளுங்கள். அதே நேரம், ஹீமோகுளோபின் குறைவுக்கெல்லாம் எம் புரதத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். நம் ஊரில் இரும்புச்சத்துக் குறைவும் பி12 குறைவும் சர்வசாதாரணம். ஃபெரிட்டினும் பி12ம் பார்த்த பிறகுதான் அடுத்த யோசனை.

லைட் செயினில், விகிதம் 100ஐத் தொட்டு, கூடியிருக்கும் லைட் செயினும் லிட்டருக்கு 100 மில்லிகிராமை எட்டியிருந்தால், உறுப்புப் பாதிப்பு இல்லாவிட்டாலும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று 2014இல் உலக மைலோமா நிபுணர் குழு வகுத்தது. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 60 சதவீதத்தை எட்டுவதும், எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிப் பாதிப்பு தெரிவதும் அதே பட்டியலில் உள்ளன.

## எத்தனை நாளுக்கு ஒருமுறை?

முதல் முறை கண்டுபிடித்த பின் எம்ஜியூஎஸ் உள்ள எல்லோரும் ஆறு மாதத்தில் ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். அசைவு இல்லை, அபாயமும் குறைவு என்றால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். மற்ற எம்ஜியூஎஸ் காரர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. ஸ்மோல்டரிங் என்றால் முதல் ஆண்டில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அசையாமல் இருந்தால் இடைவெளியைக் கூட்டுவார்கள். பயத்தில் மாதாமாதம் எடுப்பதால் பணமும் தூக்கமும் போவதைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

## உடம்பு சொல்வது

எண்கள் நன்றாக இருக்கும்போதே சில பாதிப்புகள் வரலாம். எம் புரதம் சிறிதளவே இருந்தாலும், அது மடிந்து உறுப்புகளில் படியும் அமைலாய்டோசிஸ் என்ற நோய் ஒன்று உண்டு. சிறுநீரகத்தையோ நரம்பையோ நேரடியாகத் தாக்கும் வகைகளும் உண்டு. அதனால் அளவு குறைவு என்ற தைரியத்தில் இவற்றை விட்டுவிடாதீர்கள்:

* சிறுநீர் நுரைத்துக்கொண்டே போவது, காலும் முகமும் வீங்குவது
* பாதத்தில் தொடங்கி மேலேறும் மரத்துப்போதல், எரிச்சல்
* நாக்கு தடித்துப் பல்தடம் பதிவது, கண்ணைச் சுற்றிக் காரணமில்லாமல் ரத்தக் கன்றல்
* மாடி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவது, எழுந்தால் தலைசுற்றுவது
* படுத்தாலும் விடாத முதுகுவலி, விலா வலி. லேசான அடியில் எலும்பு முறிவது
* அடிக்கடி நிமோனியா, திரும்பத் திரும்பத் தொற்று
* ஐஜி-எம் வகையினருக்கு: மூக்கில் ரத்தம், பார்வை மங்கல், கழுத்தில் கட்டி, இரவு வியர்வை, எடை குறைதல்

சர்க்கரை நோயும் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கால் மரத்தால் "சுகர்தான்", சிறுநீர் நுரைத்தால் "சுகர்தான்" என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம், "எனக்கு ரத்தத்தில் எம் புரதமும் இருக்கிறது" என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் வேறு திசையிலும் யோசிப்பார்.

உடனே மருத்துவமனைக்கு: இரண்டு காலும் திடீரென வலுவிழப்பது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமலோ போகாமலோ இருப்பது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள், மணிக்கணக்கு முக்கியம். தீராத தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பமான பேச்சு சேர்ந்து வந்தால் கால்சியம் ஏறியிருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு இருக்கலாம். எம் புரதம் உள்ளவர்களுக்கு அது சற்று அதிகம் வருகிறது. சிறுநீர் மிகவும் குறைந்துபோனாலும் காத்திருக்க வேண்டாம்.

## செய்யக் கூடாதவை

புரதச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் புரதம் அதிகம் என்றதும் முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கஞ்சியோடு நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எம் புரதம் தட்டிலிருந்து வருவதில்லை, மஜ்ஜையிலிருந்து வருகிறது. பருப்பை நிறுத்தினால் அது குறையாது. தசையும் தெம்பும்தான் குறையும். சிறுநீரகம் ஏற்கனவே பழுதானவர்களுக்கு மட்டும் மருத்துவர் புரத அளவைக் கட்டுப்படுத்துவார்.

வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரோஃபென் வகைகள் சிறுநீரகத்துக்குப் பகை. மூட்டுவலிக்குக் கிளினிக்கில் போடும் ஊசியும் அநேகமாக இதே வகைதான், "என்ன ஊசி?" என்று கேளுங்கள். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. அதில் அடங்காத எலும்பு வலி என்றால் தேவைப்படுவது மருத்துவரின் கண். பெரிய மாத்திரை இல்லை.

கால்சியம் மாத்திரை வலுவுக்கு என்று சொந்தமாகத் தொடங்க வேண்டாம். ரத்தக் கால்சியமும் வைட்டமின் டியும் பார்த்த பிறகு சொன்னால் சாப்பிடுங்கள். பெயரில்லாப் பொடியும் சூரணமும் வேண்டவே வேண்டாம். அவற்றில் கன உலோகம் கலந்திருந்தால் சிறுநீரகம்தான் முதல் பலி. வேறு எதற்காகவாவது சாய ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், எம் புரதம் இருப்பதையும் கடைசிக் கிரியேட்டினின் அளவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## செய்ய வேண்டியவை

எம்ஜியூஎஸ் உள்ளவர்களுக்கு எலும்பு முறிவு அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். ஐம்பதைக் கடந்தவர்கள் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். குளியலறையில் வழுக்காத தரை, பிடிமானக் கம்பி, இரவு விளக்கு. இவற்றுக்கு மருத்துவச் சீட்டு வேண்டாம். தினமும் நடப்பது நல்லது. எலும்பை வலுவாக்கும் ஊசி தொடங்கச் சொன்னால், பல் மருத்துவரைப் பார்த்து எடுக்க வேண்டிய பல்லை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி, நிமோகாக்கஸ் தடுப்பூசி, அக்கிக்கான உயிரற்ற வகைத் தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். போட்ட தேதியை நோட்டில் எழுதுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. மடங்கைக் கேட்டு மிரள வேண்டாம். அடிப்படை வாய்ப்பே சிறியது. அறிகுறி இல்லாத குடும்பத்தினர் எல்லோரையும் சோதிக்கும்படி பொதுவாக யாரும் பரிந்துரைப்பதில்லை. எல்லோரையும் சோதிப்பதால் நன்மை உண்டா என்ற கேள்வியையே கையிலெடுத்து ஐஸ்லாந்தில் 2016இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 80,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

## மருந்து தொடங்கலாம் என்று சொன்னால்

எம்ஜியூஎஸுக்கு மருந்தில்லை, தேவையுமில்லை. ஸ்மோல்டரிங்கில் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் நிலைமை மாறிவருகிறது. பிளாஸ்மா செல்கள் 20 சதவீதத்துக்கு மேல், எம் புரதம் 2 கிராமுக்கு மேல், லைட் செயின் விகிதம் 20க்கு மேல். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அபாயம் அதிகம் என்பது மேயோ கிளினிக்கின் கணக்கு. அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு லெனலிடோமைடும் டெக்ஸாமெத்தசோனும் கொடுத்து ஸ்பெயின் மருத்துவர்கள் 2013இல் நல்ல பலனைக் காட்டினார்கள். 2024 இறுதியில் வெளியான அக்விலா ஆய்வில், டாராட்டுமுமாப் ஊசி போட்டவர்களில் 100க்கு 63 பேர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் நோய் முற்றாமல் உயிரோடு இருந்தார்கள். வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 41 பேர். அந்த 41 பேரையும் கவனியுங்கள்: மருந்தே இல்லாமல் அவர்களுக்கு நோய் முற்றவில்லை. இதனால்தான் முடிவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

உங்களுக்கு அப்படிச் சொல்லப்பட்டால், நோட்டோடு உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்:

1. என் எந்த எண், எவ்வளவு காலத்தில் மாறியதால் இப்போது தொடங்கச் சொல்கிறீர்கள்?
2. இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் என்ன இழப்பு வரும்?
3. மைலோமாவாகவே மாறிவிடவில்லை என்பதற்கு மஜ்ஜைப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யோ பெட் சி.டி.யோ புதிதாக எடுத்தாயிற்றா?
4. எத்தனை மாதம் மருந்து? எப்போது நிறுத்துவோம்? மாதம் எவ்வளவு செலவு? காப்பீடு எதை ஏற்கும்?
5. என் சிறுநீரகம், சர்க்கரை, இதயத்துக்கு இது ஒத்துவருமா?
6. இரண்டாவது கருத்துக் கேட்க விரும்புகிறேன். மஜ்ஜை ஸ்லைடுகளையும் ஸ்கேன் சி.டி.யையும் எங்கே வாங்கிக்கொள்வது?

ஆறாவது கேள்வியைக் கேட்கத் தயங்குகிறவர்கள் அதிகம். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்து வெறும் தாள்களோடு வேறு ஊருக்குப் போய், அங்கே மஜ்ஜையை மறுபடி குத்திக்கொள்கிறார்கள். ஸ்லைடுகளை இரவல் தருவது பெரிய மருத்துவமனைகள் பலவற்றிலும் நடக்கும் வழக்கம். நோய்க்குறியியல் துறையில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய தேதியையும் ஸ்லைடு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.